எல்லைக்கு உள்ளே என் வீடு

எங்கள் ஊரை ஒருநாள் நான் தரையில் கோலமாகப் போட்டேன். கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, ஓடை, மலைக்குப் போகிற தடம், அத்தனை வீடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதனால் இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்கப் போவதில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கமாகப் போனால் எங்கள் ஊர் வரும். மரவள்ளியும் மஞ்சளும் விளைகிற மண். மாசி, பங்குனியில் புளி. நான் புளி தட்டப் போவேன், கிழங்கு பிடுங்கப் போவேன், நூறு நாள் வேலை வந்தால் அதற்கும் போவேன். வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள். அரூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. கொழுந்தனார் வீட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று எனக்கு. அடுப்பு தனி. ரேஷன் அட்டை தனி. தண்ணீருக்குத் தெருமுனைக் குழாய்தான். அங்கே நடக்கிற சண்டை ஊருக்கே கேட்கும்.

வீட்டுக்கு ஒரு குழாய் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. அதற்குத் திட்டம் போட ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். மொரப்பூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஸ்கூட்டியில் வந்தாள். நாங்கள் மேடம் என்றோம். அவள் எங்களை அக்கா என்றாள்.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றை அவள் விரித்தாள். பச்சையாக ஏதோ தெரிந்தது. எது வீடு, எது தோப்பு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

"இதுல கவர்மெண்டு கோடு இருக்குதுங்க. உங்க கோடு எதுன்னு எனக்குத் தெரியாது. ஊரு எதுவரைக்கும், யாரு எந்தக் கோயிலுக்குச் சேத்தி, சாமி போற தடம் எது, எல்லாம் நீங்கதான் சொல்லணும். தெரியாம போட்டா குழாய் ஒரு பக்கம் போவும், ஆளு ஒரு பக்கம் இருப்பாங்க. தரையில கோலப்பொடியில போடலாம். யாரு வரையறீங்க?"

பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். என் எதிர்வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்காது.

"இவள வுடுங்க மேடம். கிழங்கு நட்டு நட்டு குனிஞ்சே பழக்கம். நிமுத்தறதுதான் கஷ்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பொடி டப்பாவை வாங்கிக்கொண்டேன். அவள் சொன்னது உண்மைதான். என் இடுப்பு குனிந்தால் வலிக்காது.

முதலில் கோடு. காவிப் பொடியில் கவர்மெண்டு கோடு. அது சுலபம். கிழக்கே கல், மேற்கே ரோடு, வடக்கே ஓடை. ஓடையோடு முடிந்தது.

அடுத்து அம்மன் கோடு. அதற்கு மஞ்சள் பொடி. அதை ஊர்க்கவுண்டர் சொன்னார். எங்கள் ஊரில் கோயில் காரியம், பஞ்சாயத்துப் பேச்சு எல்லாம் அவர் சொல்படிதான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டி நீட்டிச் சொன்னார். திருவிழாவில் எல்லைச் சோறு எறிகிற இடங்கள்தான் அம்மனுடைய எல்லை. கிழக்கே அதே கல். வடக்கே ஓடை தாண்டிப் போய், வேப்பமரம் தாண்டி, மலை ஏறுகிற இடத்தில் ஒரு பாறை. அதுவரைக்கும் அவள் காவல். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் அந்த எல்லையைத் தாண்டி வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் வந்துவிட வேண்டும். திருவிழா முடிகிற வரைக்கும் இதுதான் கட்டு.

நான் மஞ்சள் கோட்டை ஓடை தாண்டி இழுத்தேன். காவிக் கோடு பின்னால் நின்றுவிட்டது.

"பட்டா வாங்காமயே அம்மன் அந்தாண்ட போயிட்டாளே" என்றார் ஒருவர்.

"அவளுக்கு எந்த சர்வேயரு வந்து அளந்தான்?" என்றார் இன்னொருவர்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தைக் காட்டி, அங்கே குடி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றோம். ஓடைக்கு அந்தப் பக்கம் சில வீடுகள். காகிதத்தில் அவர்கள் பக்கத்துப் பஞ்சாயத்து. கோயில், கல்யாணம், சாவு எல்லாம் எங்களோடு. பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடம்.

"அப்ப அவங்களுக்கும் உங்க தொட்டித் தண்ணிதான போவணும்?"

"ஆமாங்க" என்றது ஊர். அவள் எழுதிக்கொண்டாள். ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என் கோடு போய் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. எனக்கு அப்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அடுத்து வீடுகள். ஊர்க்கவுண்டருக்கு அத்தனை தலைக்கட்டும் மனப்பாடம். கல்யாணமான ஆம்பளை, அவர் குடும்பம், அது ஒரு தலைக்கட்டு. கோயில் வரி அந்தக் கணக்கில்தான். வரி கேட்கப் போகிற வரிசையிலேயே அவர் சொல்லிக்கொண்டு போனார். மேலத்தெரு, கோயில் தெரு, கீழத்தெரு, ஓடைக்கு அந்தப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பொடியில் ஒரு கட்டம் போட்டேன். வாசல் இருக்கிற பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டேன். யாரும் சொல்லவில்லை. வாசல் இல்லாமல் வீடு எப்படி?

முடித்து நிமிர்ந்தேன். ஊர் கிடந்தது. தெருக்கள் தெருக்களாகவே இருந்தன. கோயில் முக்குத் திரும்புகிற இடம் திரும்பி இருந்தது. வயசானவர்கள்கூடக் குனிந்து தங்கள் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். "பருந்து பாத்தாப்ல இருக்குது" என்றார் ஒருவர். நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். சிரிக்கவில்லை. சிரிப்பு உள்ளே இருந்தது.

"இப்ப எல்லாரும் அவங்கவங்க வூட்டுல போயி நில்லுங்க. சரியா இருக்குதான்னு பாத்துக்கலாம்" என்றாள் அந்தப் பெண். "ஒரு கட்டத்துக்கு ஒரு குழாய். அதனால நல்லா பாத்து நில்லுங்க."

பொடி கலையாமல் எட்டி எட்டிப் போனார்கள். ஒருவர் தப்பாகப் போய் நின்றுவிட்டார்.

"மாமா, அது எங்க வூடு. இன்னும் சோறு ஆவல. போயிட்டு அப்புறமா வாங்க."

"உங்க வூட்டுச் சோறு எனக்குத் தெரியாதா? ஆனாலும் வர மாட்டேன்."

கட்டமெல்லாம் நிறைந்தது. ஒன்றைத் தவிர. கீழத்தெருவில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அது பெங்களூர்க்காரர் வீடு. குடும்பத்தோடு போனவர் திரும்பவே இல்லை. சுவர் விழுந்து எருக்கு முளைத்துக் கிடக்கிறது. ஆனால் தலைக்கட்டில் பேர் இருக்கிறது. தம்பி ஒருவர் வரி கட்டி வருகிறார்.

ஓரத்தில் நாங்கள் நின்றோம். நான், இட்லி சுட்டு விற்கிற அக்கா, இன்னும் இரண்டு மூன்று பெண்கள். இட்லி அக்காவின் புருஷன் அவளை விட்டுவிட்டு வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். காலையில் ஊரில் பாதிப் பேர் போய் நிற்கிற வீடு அவளுடையது.

"அக்கா, நீங்களும் போயி நில்லுங்க" என்றாள் அந்தப் பெண் என்னிடம்.

நான் கோலத்தைப் பார்த்தேன். நிற்க இடம் இல்லை. என் கையால்தான் போட்டேன். ஊர்க்கவுண்டர் என் வீட்டைச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு கோயில் வரிக்கு என் வாசலில் யாரும் நிற்பதில்லை. "பாவம், அதுங்கிட்ட எதுக்கு" என்று விட்டுவிட்டார்கள். இரக்கப்பட்டுத்தான் விட்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வரியில் விட்டது வீட்டிலும் விட்டது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொழுந்தனார் தன் கட்டத்தில் நின்று கூப்பிட்டார்.

"அண்ணி, இங்க வாங்க. எங்க தலைக்கட்டுலதான நீங்க? இதுலயே நில்லுங்க."

பாசத்தோடுதான் கூப்பிட்டார். அவர் பெண்டாட்டி நகர்ந்து இடம் விட்டாள். நான் ஒரு எட்டு வைத்தும் விட்டேன். ஒரு கட்டத்துக்கு ஒரு குழாய் என்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் உறைத்தது. குழாய் அவர்கள் வாசலில் வரும். நான் குடத்தோடு போய் நிற்பேன். அவர்கள் நல்லவர்கள், தருவார்கள். அவர்கள் கதவு திறந்திருக்கிறதா, விருந்தாளி வந்திருக்கிறார்களா, அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தினமும் போக வேண்டும். சாகிறவரைக்கும்.

"வேணாம் தம்பி" என்றேன். "எனக்கு வூடு இருக்குது."

அவர் முகம் மாறியது.

ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, இது தலைக்கட்டுக் கணக்கு. ஆம்பள இல்லாத வூட்ட அதுல எப்பிடிச் சேக்கறது? இன்னிக்கு இதுல வெச்சா நாளைக்குக் கோயில்லயும் வெய்யின்னு கேப்பீங்க."

"பரிவட்டம் கட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க" என்றான் பின்னால் ஒருத்தன். சிலர் சிரித்தார்கள்.

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் பேனாவை மூடிவிட்டாள். "ஊரு உங்களுது. நீங்க பேசி முடிங்க. நான் எழுதிக்கறேன்" என்றாள். எனக்கு அப்போது அவள் மேல் கோபம்தான் வந்தது. கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டு இப்படிச் சொல்கிறாளே என்று.

கூட்டத்தில் நான் பேசியதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. டப்பாவோடு மஞ்சள் கோட்டுக்கு நடந்து போனேன். அதன் மேல் கையை வைத்தேன்.

"மாமா, இந்தக் கோடு யாருக்கு?" என்று ஊர்க்கவுண்டரைக் கேட்டேன்.

"என்ன கேள்வி இது? ஊருக்குத்தான்."

"காப்புக் கட்டுனா எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அந்தக் கட்டு எனக்கு உண்டா இல்லீங்களா?"

"உண்டு. ஊர்ல இருக்கற எல்லாருக்கும் உண்டு."

"எம்பொண்ணு தலப்பிரசவத்துக்கு தருமபுரி பெரியாஸ்பத்திரியில கெடந்தா. அப்பப் பாத்துக் காப்புக் கட்டியாச்சு. நான் கூட இருக்கட்டுமான்னு உங்களத்தான் வந்து கேட்டேன். எல்லை எல்லாருக்கும் ஒண்ணுதாம்மான்னு சொன்னீங்க. பகல்ல போயிட்டுப் பொழுதோட பஸ்ஸேறி வந்தேன். பேரன் பொறந்தப்ப அவகிட்ட அவ மாமியாதான் இருந்தா. நான் இங்க படுத்துக் கெடந்தேன்."

கொழுந்தனார் கீழே பார்த்தார்.

"உங்கள நான் கொற சொல்லல மாமா. கட்டுன்னா கட்டுதான். அந்தக் கட்டுக்கு நான் ஊரு. குழாய்க்கு மட்டும் ஊரு இல்லீங்களா?"

என் வாழ்நாளில் அவ்வளவு நீளம் நான் பேசியது அன்றுதான்.

எனக்குப் பின்னால் இட்லி அக்கா ஆரம்பித்தாள். "காலையில மட்டும் எங்க வூட்டுக்கு வழி தெரியுதில்ல? கட்டம் போடறப்ப ஒருத்தருக்கும் தெரியல? நாளையிலிருந்து தலைக்கட்டுப் பாத்துதான் இட்டிலி."

"ஐயோ, அத மட்டும் சொல்லாத அக்கா" என்றது கூட்டம்.

எதிர்வீட்டுக்காரி தன் கட்டத்தில் இருந்தபடியே சத்தம் போட்டாள். "பெங்களூர்க்காரரு வூட்டுல எருக்கஞ்செடி நிக்குது. அதுக்குக் குழாய் போடுங்க. நல்லாத் தளதளன்னு வளரட்டும்!"

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அவன் காப்புக்கு வந்து எத்தினி வருசமாச்சு?" என்று கேட்டார். பெங்களூர்க்காரரின் தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊர்க்கவுண்டர் எழுந்தார். மஞ்சள் கோட்டுக்கு வந்தார். கோட்டை மிதிக்காமல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே கால் வைத்தார்.

"காப்புக்கு உள்ள படுக்கறவங்க வூடெல்லாம் போடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோயில் வரி வேற பேச்சு. அத இதுல கொண்டாராத" என்றார்.

"அத அம்மன்கிட்ட பேசிக்கறேன் மாமா."

அவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்போ என்னவோ.

நான் குனிந்தேன். "அதுங்கள வேற கலர்ல போடு, அடையாளம் தெரியணுமில்ல" என்று ஒருவர் சொன்னார். வெள்ளையிலேயே போட்டேன். மற்ற வீடுகள் அளவுக்கே போட்டேன். முதலில் இட்லி அக்கா வீடு. பிறகு மற்றவர்கள். கடைசியில் கொழுந்தனார் கட்டத்துக்குப் பின்னால் என் கட்டம். வாசலுக்கு இடைவெளி விட்டேன். அது அவர் வீட்டுப் பக்கம் இல்லை. சந்துப் பக்கம். என் வாசல் அங்கேதான் இருக்கிறது.

பெங்களூர்க்காரர் வீட்டை அழிக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். வந்தா வரட்டும்" என்றார் ஊர்க்கவுண்டர். அதைப் புள்ளி புள்ளியாக மாற்றினேன்.

பிறகு போய் என் கட்டத்தில் நின்றேன். அவ்வளவுதான். பொடி உள்ளங்காலில் ஒட்டியது.

அந்தப் பெண் போட்டோ எடுத்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் அதைப் பார்த்துச் சார்ட்டில் வரைந்தார். கிராம சபையில் அதை மாட்டினார்கள். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். என் எழுத்து கோணல்தான், ஆனாலும் படிக்க வரும். அதில் ஒரு பிரதி தருமபுரி கலெக்டர் ஆபீஸில் இருக்கிறதாம். மஞ்சள் கோடும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

அப்புறம் வேறு சில ஊருக்கும் என்னைக் கூட்டிப் போனாள். ஒருமுறை மலை மேலேயும் போனோம். அவர்கள் சாமி வேறு, எல்லை வேறு. எங்கள் கணக்கு அங்கே செல்லாது. சாமை விளைகிற காடு, தேன் எடுக்கிற பாறை எல்லாம் அவர்கள் ஊருக்குள்ளே வந்தது. நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்றுதான் சொன்னேன். முதலில் ஆட்களைக் கோட்டுக்குள்ளே நிற்க வையுங்கள், அவரவர் காலைச் சுற்றி வீடு போடுங்கள் என்றேன். இப்போது எல்லா ஊரிலும் அப்படித்தான் போடச் சொல்கிறாள்.

கொழுந்தனார் கொஞ்ச நாள் பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. அவர் மனசு புண்பட்டது எனக்குத் தெரியும். ஊர் முன்னால் அவர் கட்டத்தை நான் வேண்டாம் என்றேன். அதற்கு நான் வருத்தப்படலாம். மாற்றிச் சொல்ல முடியாது. குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆள் வந்தபோது என் சந்தில் பாறை வந்துவிட்டது. பக்கத்து வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாமா என்று மேஸ்திரி கேட்டார். கொழுந்தனார் உள்ளே போய்க் கடப்பாறை எடுத்து வந்தார்.

"அண்ணி வூட்டுக்கு அண்ணி வாசல்லதான் வரணும்" என்றார் மேஸ்திரியிடம். என்னைப் பார்க்கவில்லை. நான் உள்ளே போய் டீ வைத்தேன்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு வரி கேட்டு என் வாசலில் வந்து நின்றார்கள். தனியாக இருக்கிற பெண்களுக்குப் பாதி வரி என்று பேசி முடித்திருந்தார்களாம். நான் முழுதாகக் கொடுத்தேன்.

"பாதி போதுங்க" என்றார்கள்.

"மீதிய வெச்சிக்கங்க. முழு வரி குடுத்தா முழுத் தலைக்கட்டுதான? அத அடுத்த வருசம் பேசிக்கலாம்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

குழாய் என் வாசலில் இருக்கிறது. மகள் பேரனோடு வந்தால் அவன்தான் போய்த் திறப்பான். தண்ணீர் தினமும் வராது. ஒருநாள் விட்டு ஒருநாள். கரண்ட் போனால் அதுவும் இல்லை. எல்லார் வீட்டிலும் வருகிற அன்று என் வீட்டிலும் வருகிறது. எல்லார் வீட்டிலும் வராத அன்று நானும் சந்து முனையில் நின்று எல்லாரோடும் சேர்ந்து திட்டுகிறேன்.